ஒரே ஒரு வண்டி

இத்தாலியின் டூரின் நகரத்தில் வண்டித் தச்சர்கள் கார்களுக்கு உருவம் கொடுத்தார்கள். திருப்பதிப் பக்கத்துத் தச்சர்கள் கடவுளின் வாகனங்களுக்கு உருவம் கொடுக்கிறார்கள். இருவருக்கும் நடுவே நிற்கிறது ஒரு ஜப்பானியத் தொழிற்சாலை.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 55 கிலோமீட்டர் போனால் தமிழ்நாடு முடிந்து ஆந்திரம் தொடங்குகிறது. தடா என்ற அந்த எல்லை ஊரில் ஒரு காலத்தில் நின்றவர்கள் இரண்டே வகை. பழவேற்காடு ஏரிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள். சோதனைச்சாவடியில் காத்துக் கிடக்கும் லாரிக்காரர்கள். இன்று அதிகாலையிலேயே கம்பெனிப் பேருந்துகள் வரிசை கட்டி இடது பக்கம் திரும்புகின்றன. எல்லாம் ஸ்ரீசிட்டிக்குப் போகிற கூட்டம்.

2008-ல் தொடங்கிய இந்தத் தொழில் நகரத்திலிருந்து வெளியே போகும் சரக்குகளின் பட்டியல் நீளமானது. பிரான்ஸின் அல்ஸ்டாம் நிறுவனம் இங்கே கட்டிய மெட்ரோ ரயில் பெட்டிகள் கொச்சியில் ஓடுகின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் ஓடுகின்றன. கொஞ்சம் தள்ளி மதனபாளையத்தில் ஹீரோ மோட்டார் சைக்கிள். சின்னபாண்டூரில் அப்போலோ டயர். ஜப்பானின் இசுசு நிறுவனம் 2016 ஏப்ரலில் 107 ஏக்கரில் திறந்த ஆலையில், டி-மேக்ஸ் பிக்-அப் வண்டிகள் உருவாகின்றன. தொடக்கத்திலேயே ஆண்டுக்கு 50,000 வண்டிகள் தயாரிக்கும் திறன் அதற்கு இருந்தது.

இந்த மண் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது சித்தூர்தான். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1960-ல் எல்லைகளைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. 2022 ஏப்ரலில் சித்தூரைப் பிரித்து, அண்டை மாவட்டப் பகுதிகளையும் சேர்த்துத் திருப்பதி மாவட்டத்தை உருவாக்கினார்கள். ஸ்ரீசிட்டி, காளஹஸ்தி, திருமலை எல்லாம் இப்போது திருப்பதி மாவட்டம். காணிப்பாக்கமும் சித்தூரும் பழைய பெயரிலேயே நிற்கின்றன.

ஆக, சக்கரம் வைத்த எதையும் செய்யத் தெரிந்த சீமை இது. பாட்டரிகூட வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. திருப்பதியை ஒட்டிய கரகம்பாடியில் 1985-ல் தொடங்கிய அமர ராஜா குழுமத்தின் அமரான் பாட்டரி நாடெங்கும் விற்கிறது. ஆனால் ஸ்ரீசிட்டியின் வாசலைத் தாண்டும் ஒவ்வொரு பிக்-அப்பின் முகமும், மட்கார்டின் வளைவும், கதவின் கோடும் தீர்மானமானது கடல் கடந்த ஸ்டூடியோக்களில். இங்கே நடப்பது அந்த வடிவத்தைப் பிசகில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வது. உழைப்பு உள்ளூர். உருவம் வெளியூர்.

உருவம் எங்கே பிறக்கிறது? இந்தக் கேள்விக்கு இசுசுவின் சொந்தக் கதையிலேயே ருசிகரமான ஒரு பதில் இருக்கிறது.

கிளாவர் ஆஸ்

இசுசு என்றதும் நம் நாட்டில் நினைவுக்கு வருவது எஞ்சின்தான். 1990களில் அம்பாசடர் காருக்குள் உட்கார்ந்து அதற்குப் புது மூச்சு கொடுத்தது இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின். அழகான கார்களுக்கும் இந்தக் கம்பெனிக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் உண்டு.

1966-ல் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் இசுசுவின் பெயரில் ஒரு கார் நின்றது. நீண்ட மூக்கு, மெல்லிய தூண்கள், பின்னால் சரிந்து இறங்கும் கண்ணாடி. ஜப்பானிய இயந்திரத்தின் மேல் இத்தாலிய உடல். உடலைச் செய்தது டூரின் நகரத்தின் கியா பட்டறை. வரைந்தவர் ஜார்ஜெட்டோ ஜூஜாரோ. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. அந்த ஒற்றைக் கார் ‘117 கூப்பே’ என்ற பெயரில் 1968 இறுதியில் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதன் வளைவுகளை அச்சில் அடித்து எடுக்க இசுசுவிடம் வசதி போதவில்லை. முதல் சில ஆண்டுகள் அந்தக் கார்களின் உடலில் பெரும் பகுதி கைவேலை. 1973-ல்தான் முறையான இயந்திர உற்பத்தி தொடங்கியது.

1979-ல் அதே ஜெனீவாவில் அதே ஜூஜாரோ. இதற்குள் அவர் 1968-ல் சொந்தமாக இட்டால்டிசைன் நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். சீட்டுக்கட்டின் பெயரில் ஒவ்வொன்றாகக் கார்களைக் காட்சிக்கு வைப்பது அவருடைய குறும்பு. 1973-ல் ஆடி காரை அடிப்படையாக வைத்து ஒரு இஸ்பேட் ஆஸ், 1976-ல் பி.எம்.டபிள்யூ மேல் ஒரு டைமன் ஆஸ். மூன்றாவதாக இசுசுவுக்குச் செய்தது கிளாவர் ஆஸ்: ‘அஸ்ஸோ தி ஃபியோரி’. முதல் இரண்டும் காட்சிப் பொருளாகவே நின்றுவிட்டன. மூன்றாவது மட்டும் பிழைத்தது. கோடுகளில் அதிக மாற்றம் இல்லாமல் 1981-ல் இசுசு பியாட்சா என்ற பெயரில் சாலைக்கு வந்தது. முன்விளக்கின் மேல் பாதி இமை மூடியதுபோல ஒரு மூடி. அதுதான் அந்தக் காரின் அடையாளம்.

இப்படிப்பட்ட ஒற்றைக் கார்களைத்தான் உலகம் ‘கான்செப்ட் கார்’ என்கிறது. விற்பதற்காகச் செய்வதல்ல. இனி கார் இப்படியும் இருக்கலாம் என்று சொல்ல ஒரே ஒரு வண்டி. பல வண்டிகள் கண்காட்சி முடிந்ததும் கிடங்குக்குப் போகும். ஒன்றிரண்டு லட்சக்கணக்கில் பெருகும்.

நம் சாலைகளிலும் அப்படிப் பெருகியவை ஓடியிருக்கின்றன. 1961 முதல் மதராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வரைந்தவர் டூரினின் ஜொவான்னி மிக்கெலோட்டி. அதன் முதல் மாதிரியை 1957-ல் கையால் தட்டிச் செய்தது விஞாலே என்ற டூரின் பட்டறை. 1998-ல் வந்த தேவூ மாட்டிஸின் மூலம், ஜூஜாரோ ஃபியட் கம்பெனியை மனதில் வைத்துச் செய்து அவர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்ட ‘லூச்சோலா’ என்ற கான்செப்ட் கார். அதே ஆண்டு ரத்தன் டாடா காட்டிய இண்டிகாவின் வடிவத்திலும் டூரினின் ஐ.டி.இ.ஏ. நிறுவனத்தின் கை இருந்தது. ஹெரால்டில் ஏறித் திருப்பதி போன குடும்பங்களுக்கு, தாங்கள் உட்கார்ந்திருப்பது ஓர் இத்தாலியத் தட்டுவேலைக்காரரின் கற்பனையில் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தச்சுப் பட்டறையின் பிள்ளைகள்

டூரினுக்கு இந்த வித்தை வானத்திலிருந்து விழவில்லை. குதிரை வண்டி செய்தவர்களிடமிருந்து வந்தது. ஜொவான்னி பெர்ட்டோனே வண்டிச் சக்கரம் செய்யக் கற்ற தொழிலாளி. 1912-ல் பட்டறை திறந்தபோது அவருடைய வேலை குதிரை வண்டிகள்தான். பத்திஸ்தா ஃபரினா சிறுவனாக இருந்தபோதே அண்ணனின் வண்டிப் பட்டறையில் வேலைக்கு நின்றவர். வீட்டில் ‘பினின்’ என்று செல்லப் பெயர். 1930-ல் தனியாகத் தொடங்கிய கம்பெனி அந்தச் செல்லப் பெயராலேயே பினின்ஃபரினா ஆயிற்று. ஜூஜாரோ வேறு வழியில் வந்தவர். அவருடைய தாத்தா தேவாலயச் சுவர்களில் சித்திரம் தீட்டியவர்.

சென்னைக்காரர்களுக்கு இது பழகிய கதை. மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனி 1840-ல் குதிரைச் சேணமும் வண்டியும் செய்யத் தொடங்கியது. 1903-ல் அதே கம்பெனியின் சாமுவேல் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். வண்டிப் பட்டறையிலிருந்து காருக்குப் போகும் பாதை இங்கும் திறந்திருந்தது. டூரினில் அது பெருஞ்சாலை ஆயிற்று. இங்கே கிளைப் பாதையாகவே நின்றுவிட்டது.

டூரின் பட்டறையில் வேலை நடந்த விதம் எளிமையானது. முதலில் சுவர் அளவுக்குப் பெரிய காகிதத்தில் காரின் முழு உருவம். அந்தக் கோடுகளின்படி மரத்தில் ஓர் எலும்புக்கூடு. பிறகு தகடு தட்டுபவர் வருவார். அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின் மேலோ குழிந்த மரத்தண்டின் மேலோ வைத்து மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைப்பார். தகட்டை மரக்கூட்டின் மேல் பொருத்திப் பார்ப்பார். இடைவெளி தெரிந்தால் மீண்டும் தட்டுவார். கடைசி அளவுகோல் அவருடைய உள்ளங்கைதான். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தைக் கை கண்டுபிடிக்கும்.

இப்படிப் பிறந்தவற்றில் சில இன்றும் பார்ப்பவரை நிற்கவைக்கும். 1947-ல் பினின் ஃபரினா உடல் கட்டிய சிசிட்டாலியா 202, நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பில் சிற்பங்களுக்கு நடுவே இடம் பிடித்தது. 1953 முதல் 1955 வரை பெர்ட்டோனே பட்டறையில் ஃபிராங்கோ ஸ்காலியோனே ஆண்டுக்கு ஒன்றாக வரைந்த மூன்று ‘பாட்’ கார்கள், ஆல்ஃபா ரோமியோவுக்காகக் காற்றை ஆராய்ந்தவை. பின்பக்கம் இரு சிறகுகள் உள்பக்கமாக மடங்கி நிற்கும். அவற்றில் இரண்டாவதின் காற்றுத் தடைக் குணகம் 0.19. கணினி வைத்துக்கொண்டு இன்றைய கார்களில் பல இன்னும் அந்த எண்ணைத் தொடவில்லை. 1970-ல் மார்செல்லோ காந்தினி வரைந்த லான்சியா ஸ்டிராட்டோஸ் ஜீரோ தரையிலிருந்து 84 சென்டிமீட்டர் உயரம்தான். முன் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டுதான் உள்ளே இறங்க வேண்டும். யாரும் இதை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகப்போவதில்லை. ஆனால் அடுத்த பத்தாண்டுகளின் கூர்மையான கார்களுக்கு இது போன்ற வண்டிகள்தான் இலக்கணம் எழுதின.

சுவர்ணமுகிக் கரை

ஸ்ரீசிட்டியிலிருந்து மேற்கே புறப்பட்டு, சுவர்ணமுகிக் கரையில் இருக்கும் காளஹஸ்தியைத் தாண்டித் திருப்பதி சாலையில் போனால் ஏர்ப்பேடு மண்டலம். அங்கே மாதவமாலா என்ற கிராமம். பெயரைக் கேள்விப்பட்ட பக்தர்கள் குறைவு. ஆனால் இந்தக் கிராமத்தின் கைவேலையைப் பார்க்காதவர்கள் அதைவிடக் குறைவு. திருப்பதிக் கடைகளில் விற்கும் மரத்தாலான பெருமாள் உருவங்களில் பல இங்கே செதுக்கியவை. வீட்டுக்கு வீடு உளிச் சத்தம். தலைமுறை தலைமுறையாக மரச்சிற்பம்தான் தொழில்.

சிறிய உருவங்கள் அன்றாடச் சோறு. கோயில் கதவுகளும் வாகனங்களும் தேர்ச் சிற்பங்களும்தான் இந்தத் தொழிலின் பெரிய வேலைகள். ஒரு கருட வாகனமோ குதிரை வாகனமோ செய்வதற்கு ஆர்டர் வந்தால் அது ஒற்றை வேலை. எந்தக் கோயில், உற்சவர் எவ்வளவு உயரம், வீதி எவ்வளவு அகலம், தோளில் தூக்குவதா சகடையில் இழுப்பதா என்பதையெல்லாம் பார்த்து அளவு மாறும். ஒரு கோயிலுக்குச் செய்தது இன்னொரு கோயிலுக்குப் பொருந்தாது.

மரத்திலிருந்து வாகனம் வரும் வழியும் டூரின்காரர்களுக்குப் பழகிய வழிதான். முதலில் முழு அளவில் கோட்டுப்படம். முகம் எத்தனை பங்கு, கழுத்து எத்தனை பங்கு என்பதைத் தாளமானம் என்ற சிற்ப நூல் கணக்கு சொல்லும். தலை, உடல், இறக்கை, கால் எனத் தனித்தனி மரத்தில் செதுக்கிப் பிறகு மூட்டுகிறார்கள். தேக்கும் வேங்கையும் பெரிய வேலைக்கு உகந்தவை. மரத்தோடு நிற்கும் வாகனம் என்றால் வர்ணம். பொன், வெள்ளி வாகனம் என்றால் அடுத்து வருபவர் உலோகக் கலைஞர். மெல்லிய செப்புத் தகட்டை மரத்தின் மேல் வைத்துத் தட்டித் தட்டி ஒவ்வொரு செதிலுக்கும் ஒவ்வொரு இறகுக்கும் படியவைப்பார். அதன் மேல் தங்க முலாம்.

ஆக, மரக்கூடு, தகடு, மரச் சுத்தியல், உள்ளங்கை. வித்தியாசம் ஒன்றுதான். டூரினில் வேலை முடிந்ததும் மரத்தை எடுத்துவிடுவார்கள். தகடு மட்டும் காராகப் போகும். இங்கே மரம் உள்ளேயே இருக்கும். தகடு அதற்குக் கவசம்.

மரம் இங்கே சாதாரணச் சரக்கு அல்ல. சிறிய சிலைகளுக்குச் சிற்பிகள் விரும்பும் செம்மரம், சேஷாசலத்தையும் அதைச் சுற்றிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காடாக வளர்வதில்லை. வெளிநாட்டுக்கு அதைக் கடத்தும் கும்பல்களுக்கும் போலீசுக்கும் நடக்கும் சண்டையில் சிக்குவது பெரும்பாலும் கூலிக்கு மரம் வெட்ட வந்த ஏழைகள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். கெடுபிடி கூடக் கூட, முறைப்படி மரம் வாங்கிச் செதுக்குகிறவர்களும் காகிதமும் கையுமாக நிற்க வேண்டியிருக்கிறது.

ஒன்பது நாள் கண்காட்சி

இந்தத் தச்சின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் புரட்டாசியில் திருமலைக்குப் போக வேண்டும். முதல் மலைப்பாதை 1944-ல் திறக்கும் வரை மேலே போக நடை அல்லது டோலி. 1974-ல் இரண்டாவது பாதையும் வந்தபிறகு, ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று. கீழே எந்த வண்டியில் வந்தவரும் மேலே மாட வீதியில் உட்கார்ந்து பார்ப்பது மலையப்ப சுவாமியின் வண்டிகளை.

ஜெனீவாவில் அரங்குக்கு அரங்கு கார் மாறியதுபோல, பிரம்மோற்சவத்தில் வேளைக்கு வேளை வாகனம் மாறுகிறது. முதல் நாள் இரவு ஏழு தலைப் பெரிய சேஷன். இரண்டாம் நாள் சின்ன சேஷன், அன்னம். மூன்றாம் நாள் சிம்மம், முத்துப் பந்தல். நான்காம் நாள் கற்பக விருட்சம், சர்வ பூபாலம். ஐந்தாம் நாள் காலை மோகினி அலங்காரத்தில் பல்லக்கு, இரவு கருடன். கருட சேவைக்குத்தான் பெருங்கூட்டம். ஆறாம் நாள் அனுமனும் யானையும். நடுவே மாலையில் தங்கத் தேர். ஏழாம் நாள் சூரியப் பிரபை, சந்திரப் பிரபை. எட்டாம் நாள் காலை மரத்தேர், இரவு குதிரை. ஒன்பதாம் நாள் சக்கர ஸ்நானத்தோடு நிறைவு.

இந்த விழாவுக்கு வயது ஆயிரத்துக்கு மேல். பல்லவ வம்சத்துச் சாமவை என்ற அரசி 966-ல் கொடுத்த கொடைகளைச் சொல்லும் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ்தான். ஆனால் வாகனங்களுக்கு அந்த வயது இல்லை. மரம் தேயும், தகடு நெளியும், மூட்டு விலகும். பழையது ஓய்வு பெறும்போது அதே முகத்தோடு புதியது வரும். 2013 பிரம்மோற்சவத்தில் ஓடத் தொடங்கிய புதிய தங்கத் தேர் சுமார் 32 அடி உயரம். 70 கிலோவுக்கு மேல் தங்கம் அதன் மேல் ஏறியிருக்கிறது. வடம் பிடித்து அதை இழுப்பவர்கள் பெண்கள்.

தேரின் எந்திரவியலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஸ்டியரிங் கிடையாது. திருப்பத்தில் தேரைத் திருப்புவதும், சரிவில் நிறுத்துவதும் சக்கரத்தின் கீழ் போடும் முட்டுக்கட்டைகள்தான். அரசியலில் கெட்ட பெயர் வாங்கிய சொல், தேரோட்டத்தில் உயிர் காக்கும் கருவி. நொடி தப்பினால் தேர் வீட்டுக்குள் நுழையும். எந்தக் கட்டையை எப்போது எந்தச் சாய்வில் போடுவது என்பது பார்த்துப் பார்த்துப் பழகும் பாடம்.

இந்த அறிவைப் பள்ளியில் சொல்லிக் கொடுக்கவும் ஏற்பாடு இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1960 முதல் திருப்பதியில் மரபுச் சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்துகிறது. கல், மரம், உலோகம், சுதை, ஓவியம், காளஹஸ்தியின் கலம்காரி, கோயில் கட்டடக் கலை என்று பாடங்கள். படித்து வெளியே வருபவருக்கு முன்னால் இருக்கும் வேலை பெரும்பாலும் கோயில் வேலை.

இங்கேதான் டூரினும் திருப்பதியும் பிரிகின்றன. காந்தினிக்கு இட்ட கட்டளை, சென்ற ஆண்டு யாரும் பார்க்காததைச் செய் என்பது. ஸ்தபதிக்கு இட்ட கட்டளை, பாட்டன் பார்த்ததைப் பிசகாமல் செய் என்பது. புதுமைக்கு அவருக்கு இருக்கும் இடம் இறகின் நுனியிலும் குதிரையின் நாசியிலும்தான். அந்தச் சிறிய இடத்தில் அவர் காட்டும் கைவண்ணத்தை, வடம் பிடிக்கும் கூட்டத்தில் கவனிப்பவர் சிலரே. ஆனால் இந்தக் கட்டுப்பாடுதான் தொழிலைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது. கோயில் இருக்கும் வரை வாகனம் வேண்டும். வாகனம் பழசாகும் வரை தச்சர் வேண்டும்.

சேஸிஸ் போன கதை

டூரினுக்கு அந்தக் காப்பு இல்லை. அது எப்படிச் சரிந்தது என்பதைப் புரிந்துகொள்ளச் சித்தூர் சாலையே போதும்.

திருப்பதியிலிருந்து சந்திரகிரிக் கோட்டையைத் தாண்டித் தென்மேற்கே போகும் வழியில் காணிப்பாக்கம். விநாயகர் இங்கே மூஷிகம் ஏறி வலம் வருவார். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் சித்தூர். மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைகளுக்குக் காய் ஏற்றிவரும் வண்டிகளால் ஊர் திணறும். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் சரக்கு இதன் வழியாகவும் போகிறது. தென்னாட்டு நெடுஞ்சாலைகளில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி ஒன்று உண்டு: கூடு இல்லாத வெறும் சேஸிஸ். முன்னால் எஞ்சின், பின்னால் இரும்புச் சட்டம், நடுவில் தலைக்குத் துண்டு கட்டிய ஒரு டிரைவர். அது நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ கரூருக்கோ விஜயவாடாவின் ஆட்டோ நகருக்கோ போய், பாடி கட்டி, பெயிண்ட் அடித்து, கண் திருஷ்டிப் படம் மாட்டி வேறு உருவத்தில் திரும்பும்.

பாடி கட்டுபவர் பிழைக்க முதல் தேவை இந்த வெறும் சேஸிஸ். ஒரு காலத்தில் கார்களும் இப்படித்தான் விற்றன. எஞ்சினையும் சட்டத்தையும் ஒருவரிடம் வாங்கி, உடலுக்கு இன்னொருவரிடம் போவார்கள் பணக்காரர்கள். சட்டமும் உடலும் ஒன்றேயான கார் முறையை 1922-லேயே லான்சியா லாம்ப்டா காட்டிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது எங்கும் பரவியது. உடலைக் கழற்றினால் காரே இல்லை என்றானதும் பட்டறைகளுக்குத் தைக்க உடம்பு கிடைக்கவில்லை. டிசைன் ஆலோசனைக்கும் சிறு அளவு உற்பத்திக்கும் மாறிச் சிலர் தாக்குப்பிடித்தார்கள். மோதல் பாதுகாப்பு விதிகள் கூடின. கார் கம்பெனிகள் தங்களுக்கென்று ஸ்டூடியோ வைத்துக்கொண்டன. 2010-ல் இட்டால்டிசைனின் பெரும் பங்கை ஃபோக்ஸ்வேகன் குழுமம் வாங்கியது. 2014-ல் பெர்ட்டோனே திவாலானது. 2015 டிசம்பரில் பினின்ஃபரினாவை வாங்கப்போவதாக அறிவித்தது ஓர் இந்தியக் கம்பெனி: மஹிந்திரா. 2020-ல் மூன்று பாட் கார்களும் சேர்ந்து ஏலத்தில் 1.48 கோடி டாலருக்குப் போயின. அவற்றைச் செய்த பட்டறை அப்போது இல்லை.

நம் லாரி, பஸ் பாடி பட்டறைகளையும் இதே காற்று தொட்டுவிட்டது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் பாடி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு தர விதிகள் கொண்டுவந்திருக்கிறது. பயணிகளின் உயிருக்கு அது நல்லது, மறுக்க முடியாது. ஆனால் விதிக்கு ஏற்ப மாறப் பெரிய பட்டறைக்கு முடிவதுபோலச் சின்னப் பட்டறைக்கு முடிவதில்லை. முழுதாகக் கட்டிய வண்டியைக் கம்பெனியே விற்கும் வழக்கமும் கூடுகிறது.

நடுவில் உள்ள தூரம்

மாதவமாலாவுக்கும் ஸ்ரீசிட்டிக்கும் இடையே பேருந்தில் சில மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வேலைக்குப் போகும் வழி இல்லை. ஆலை கேட்பது டிப்ளமா. உளி பிடித்த கைக்கு அங்கே தனி மதிப்பெண் கிடையாது. ஒரு வளைவை முழு அளவில் மனதில் பார்த்து, மரத்தில் கொண்டுவந்து, உள்ளங்கையால் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம். ஆயிரக்கணக்கில் வண்டி செய்தும் ஒரு வளைவையும் தீர்மானிக்காத ஆலைகள் இன்னொரு பக்கம்.

இது நடக்காத காரியமா? கணினி வந்தபிறகும் உலகின் கார் ஸ்டூடியோக்களில் களிமண் மாடல் போகவில்லை. இயந்திரம் முக்கால் வேலையைக் கடைந்து கொடுக்கும். கடைசி மெருகு இன்றும் மனிதக் கைதான். அந்தக் கைகளுக்கு உலகெங்கும் கிராக்கி உண்டு. சென்னைப் பக்கம் அதற்கான வேலை வளர்கிறது. செங்கல்பட்டு அருகே மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 2025-ல் ரெனோ சென்னையில் டிசைன் மையம் திறந்தது. சிற்பப் பள்ளியின் மர வகுப்பில் இருக்கும் மாணவருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதை யாராவது சொல்ல வேண்டும். ஸ்டூடியோ நடத்துகிறவருக்கு இப்படி ஒரு பள்ளி இருப்பதையும்.

அவசரம் இருக்கிறது. கணினியில் வரைந்ததை மரத்தில் தானாகச் செதுக்கும் இயந்திரங்கள் நாடெங்கும் மரவேலைப் பட்டறைகளில் நுழைந்துவிட்டன. கடையில் விற்கும் சிறிய உருவங்களை அவை மலிவாகக் கொடுக்கும். அன்றாடச் சோறு போடும் அந்த வேலை போனால், எப்போதாவது வரும் வாகன ஆர்டரை நம்பி எந்தக் குடும்பமும் பிள்ளைக்கு உளி கொடுக்காது. டூரினில் வண்டிச் சக்கரம் செய்தவர் பட்டறை திறந்ததும், தேவாலயச் சித்திரக்காரரின் பேரன் கார் வரைந்ததும் ஒரு வாசல் திறந்திருந்ததால்தான். இங்கே வாசல் திறப்பதற்குள் ஆள் இருக்க வேண்டுமே.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. புரட்டாசியில் திருமலைக்குப் போகிறவர்கள் எட்டாம் நாள் காலைவரை தங்கலாம். மரத்தேர் நான்கு மாட வீதியையும் சுற்றி நிலைக்கு வரும்போது பார்வையை உற்சவரிடமிருந்து ஒரு நிமிடம் கீழே இறக்கினால் போதும். சக்கரத்தின் பக்கத்தில், வியர்வையோடு, கட்டையைக் கையில் பிடித்தபடி ஒருவர் குனிந்திருப்பார். இறங்கி வரும் வழியில் ஏர்ப்பேட்டில் வண்டியைத் திருப்பினால் மாதவமாலாவின் உளிச் சத்தம். அங்கே வாங்கும் ஒரு சிறிய கருடனுக்குப் பேரம் பேசாமல் கேட்ட விலை கொடுக்கலாம். அதே போல இன்னொன்று அந்தக் கடையில் இருக்காது.